லைனில் நில்லுங்கோ

(எமது சங்கத்தின் ஞாயிறு ஒன்றுகூடலில், வேலைத்தள அனுபவங்கள் என்ற பகுதியில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னம் பேசினவர்கள் மொழி, பண்பாடு, பிள்ளைகளின் படிப்பு என்று பெரிய விசயங்கள் பேசிப் போட்டார்கள். என்னிடம் செயலாளர் அண்ணை கேட்டது, "நீர் பக்டரியில் வேலை செய்யிறனீர்தானே, அதைப்பற்றி ஒரு பத்து நிமிடம் கதையும்" என்று. பக்டரியைப்பற்றிக் கதைக்க என்ன இருக்கு? காலமை போறம், பின்னேரம் வாறம். ஆனால் ஒரு விசயம் இருக்கிறது. ஒரு சின்ன இரும்புப் பெட்டி. இரண்டு கையாலும் தூக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பெட்டி ஒன்றுக்காக நாங்கள் ரெலிபோனில் நின்ற நாலு நாளையும், அந்த நாலு நாளில் யார் யாருக்கு என்ன போனது என்பதையும் சொல்லப்போகிறேன்.

லண்டனில் பார்க் ரோயல் பக்கம் வேலை செய்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே பத்துப் பேர் இருப்பீர்கள். சாப்பாட்டுச் சாமான் செய்கிற பக்டரிகள் வரிசையாக இருக்கிற இடம். எங்கட பக்டரியில் ரொட்டி, நான், சப்பாத்தி வகைகள் போடுகிறார்கள். நான் நிற்பது பொதி செய்கிற லைனில். சுட்டு ஆறின ரொட்டி ஒரு பெல்ற்றில் வரும். மெசின் அதைப் பிளாஸ்ரிக் தாளால் சுத்தி, சூடான இரண்டு தாடையால் கடித்து ஒட்டி வெட்டும். பெல்ற்றின் வேகமும் தாடையின் வேகமும் ஒத்துப் போகவேண்டும். ஒத்துப் போகாவிட்டால் வெட்டு ரொட்டிக்கு மேலே விழும்.

அந்த பெல்ற்றை இழுப்பது ஒரு மோட்டர். மோட்டர் நிமிடத்துக்கு 1400 தரம் சுத்தும். அவ்வளவு வேகத்தில் ரொட்டி வந்தால் எங்களுக்குப் பொதி செய்ய வராது, பறந்து பிடிக்கத்தான் வேணும். ஆகவே மோட்டருக்கும் பெல்ற்றுக்கும் நடுவில் ஒரு கியர் பெட்டி. உள்ளே திருகாணி மாதிரி ஒரு தண்டும், அது தள்ளித் திருப்புகிற ஒரு வெண்கலப் பல்லுச் சில்லும். திருகாணி 40 சுத்துச் சுத்த, சில்லு ஒரு சுத்துச் சுத்தும். 1400 ஐ 40 ஆல் பிரித்தால் 35. நிமிடத்துக்கு 35 சுத்து. இந்த 40 என்கிற இலக்கத்தை மனதில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. நத்தாருக்கு இரண்டு கிழமை. கடைக்காரர்கள் வழமையைவிடக் கூடக் கேட்கிற நேரம். காலமை பத்தரை போல பெல்ற் ஒரு இழுப்பு இழுத்து நின்றுவிட்டது. எங்கட பிற்றர் ஒரு போலந்துக்காரர், நல்ல வேலைகாரன். பெட்டியைக் கழற்றி எண்ணெயை ஊற்றினார். எண்ணெயோடு வெண்கலத் தூள் பொன்னிறமாக வந்தது. சில்லின் பல்லு முழுக்கத் தேய்ந்து போயிற்று. "இதை ஒட்டவும் ஏலாது, பத்தவும் ஏலாது, புதுசுதான்" என்றார். ஒரு பெட்டி ஸ்பெயராக வாங்கி வைக்கச் சொல்லி அவர் அந்த வருசத்தின் நடுப்பகுதியிலேயே எழுதிக் கொடுத்தவர். காசை அலுமாரியில் முடக்கக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எனவே பிழை முழுவதும் வெளியாரில் என்று நான் சொல்லவில்லை.

பாட்ஸ் வாங்குகிற அம்மா அன்றைக்கு லீவு. பிற்றர் மற்ற மெசினில். சுப்பவைசர் என்னைப் பார்த்து, உனக்குத்தான் இந்த மெசின் தெரியும், நீயே எடுத்துக் கதை என்று ரெலிபோனைத் தந்துவிட்டார். மெசின் செய்த கொம்பனி இத்தாலியில். இங்கே அவர்களுக்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், சொல்லியும் பிரயோசனம் இல்லை. இப்படி நூறு கொம்பனி இருக்கு.

எடுத்தேன். விற்பனைக்கு ஒன்றை அமத்தவும், சேர்விசுக்கு இரண்டை அமத்தவும், பாட்ஸுக்கு மூன்றை அமத்தவும். மூன்றை அமத்தினேன். சங்கீதம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், தயவுசெய்து லைனில் நில்லுங்கள் என்று ஒரு குரல். திரும்பவும் சங்கீதம். இருபத்தைந்து நிமிடம். நான் ஒரு லைனில் நிற்கிறேன், எனக்குப் பின்னால் மற்ற லைன் நிற்கிறது. பதினான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒரு பிள்ளை எடுத்தா. நல்ல மரியாதையான பிள்ளை. மெசினின் சீரியல் நம்பர் கேட்டா. எங்கட பக்டரியில் ஒவ்வொரு இரவும் மெசினுக்கு நுரை மருந்து அடித்துக் கழுவுகிறது, சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடம் என்றபடியால். எத்தனையோ வருசக் கழுவலில் தகட்டில் இருந்த எழுத்துப் பாதி அழிந்து போயிற்று. ஏழு எழுத்தில் ஐந்துதான் தெரிகிறது. கியர் பெட்டியின் தகடு தெளிவாக இருக்கிறது, அதை வாசிக்கிறேன், படமும் அனுப்புகிறேன் என்றேன். முடியாது, சீரியல் நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது என்றா. எதன் அடுத்த பக்கம்? அவவின் கொம்பியூட்டரின் அடுத்த பக்கம்.

எழுத்து வாசிக்கிற கதையையும் சொல்லவேணும். நாங்கள் சொல்கிற பி, அவைக்கு டி ஆகக் கேட்கும். வி ஐயும் டபிள்யூ ஐயும் எங்கட வாயில் பிரித்தெடுக்கக் கடவுளாலும் ஏலாது. மூன்றாம் தரம் திருப்பிச் சொல்லும்போது அந்தப் பிள்ளை, மிகவும் மரியாதையாக, "அங்கே இங்கிலிஸ் கதைக்கிற வேறு யாராவது இருக்கினமா?" என்று கேட்டா. அதையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கேட்டா. உங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் ரெலிபோனை வைத்துவிடத்தான் மனம் வரும். நான் வைக்கவில்லை. வைத்தால் திரும்ப மூன்றை அமத்தி இருபத்தைந்து நிமிடம். பி என்றால் பொம்பே, டி என்றால் டெல்லி என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஊர் சொல்லி வாசித்தேன். அதன் பிறகு ஒரு பிழையும் வரவில்லை. இதை எழுதி ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கோ.

இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதி. எங்கட வீடு அச்சுவேலி. அப்பா வெங்காயமும் புகையிலையும் செய்தவர். தோட்டக்காரனுக்குத் தண்ணி மெசின்தான் உயிர். 2002 இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தபோது, கொழும்பில் இருந்து பாட்ஸ் வரத் தொடங்கியது. அடுத்த வருசம் பம்பின் பேரிங் போனதென்று அப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். கடை முதலாளி சிரிக்கிற மனிதன் இல்லை. "என்ன?" என்று மட்டும்தான் கேட்டார். அப்பா உடைந்த பேரிங்கைத் துணியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். முதலாளி விரலால் துடைத்துப் பார்த்தார். "அறுபத்திரண்டு சைபர் நாலு" என்றார். உள்ளே போனார், கொண்டு வந்தார். முழுக்க இரண்டு நிமிடம். மன்னிப்பும் இல்லை, சங்கீதமும் இல்லை. தேங்க்யூ சொன்னால் முறைச்சுப் பார்க்கிற மனிதன்.

அந்த 6204 என்பது என்னவென்று அப்பா சைக்கிளில் வரும்போது சொல்லித் தந்தார். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு. 04 என்றால் 20 மில்லிமீற்றர். 05 என்றால் 25. வெளிச்சுற்றும் தடிப்பும் அந்த இலக்கத்தோடேயே வந்துவிடும்: 6204 என்றால் 20, 47, 14. 6205 என்றால் 25, 52, 15. அச்சுவேலியில் வாங்கினாலும் அதுதான், பார்க் ரோயலில் வாங்கினாலும் அதுதான், எந்தக் கொம்பனி செய்தாலும் அதுதான். எங்கட போலந்துக்காரர் 6205 என்று சொல்கிறபோது எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இந்த பேரிங் விசயத்தில் ஒரு பழைய கதையும் உண்டு. சுவீடனில் கோதன்பேர்க் நகரத்தில் ஒரு துணி ஆலை. ஆலை நின்ற நிலம் களிமண். நிலம் தாழத் தாழ, தறிகளை ஓட்டுகிற நீண்ட தண்டுகள் கோணிப் போகும், பேரிங் உடையும், வேலை நிற்கும். அங்கே வேலை செய்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற எஞ்சினியர், தண்டு கொஞ்சம் கோணினாலும் தானாகச் சரிந்து கொடுக்கிற பேரிங் ஒன்றை 1907 இல் கண்டுபிடித்தார். எஸ்.கே.எஃப் என்ற பெரிய கொம்பனி அந்த வருசம் அதிலிருந்துதான் தொடங்கியது. மெசின் நின்று போன இடத்தில் நின்று பார்த்த மனிதன் செய்த வேலை அது.

ஸ்ரான்லி வீதியை நான் சொர்க்கமாக்கிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1990 இல் இருந்து பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல், டீசல், பற்றறி ஒன்றும் யாழ்ப்பாணத்துக்கு விடவில்லை. இங்கே இருக்கிற அண்ணைமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, நான் அப்போது சின்னப் பெடியன். மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் இழக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். அந்த நேரம் பத்து மடங்கு விலை சொல்லி விற்ற முதலாளிமாரும் இருந்தவை என்று அப்பா இன்றைக்கும் திட்டுவார். ஆனால் சாமானை மாறித் தந்தவர்கள் என்று அவர் சொன்னதில்லை. விலையில் வெட்டினார்கள், அளவில் வெட்டவில்லை.

இங்கே நிலைமை மறுபக்கம். எல்லோரும் நல்லாய்க் கதைக்கிறார்கள். நாலு நாளில் நான் ஆறு பேரோடு கதைத்தேன், ஆறு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள், ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவராவது அந்தக் கியர் பெட்டியைக் கண்ணால் கண்டிருப்பார்களோ என்றால், இல்லை.

செவ்வாய் பின்னேரம் சீரியல் நம்பர் பிரச்சினை ஒருமாதிரித் தீர்ந்தது. மெசின் வாங்கின பழைய பில்லை அலுவலகத்தில் தேடி எடுத்தோம். சில்லு மட்டும் தனியாக வாங்க ஏலுமோ என்று கேட்டேன். இல்லை, முழுப் பெட்டியாகத்தான் விற்பார்களாம். சரி, பெட்டி இருக்கோ? "ஸ்ரொக்கில் இருக்கு" என்றார்கள். எங்களுக்கு நல்ல சந்தோசம். புதன் காலமை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. எடுத்துக் கேட்டால், ஸ்ரொக்கில் இருப்பது இத்தாலியில். ஸ்ரொக் என்ற சொல்லுக்கு இங்கே அப்படியும் ஒரு கருத்து இருக்கிறது. அதுபோல "நெக்ஸ்ற் டே" என்றால் நாளைக்கு இல்லை, அனுப்பின நாளுக்கு அடுத்த நாள். எப்போது அனுப்புவார்கள் என்பது வேறு கதை. அனுப்புவதற்கு எங்கட ஓடர் கடிதம் வேண்டும், ஓடர் கடிதத்துக்கு மனேஜரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வைத்து அனுப்பினால், பழைய பில் ஒன்றில் ஏதோ வழக்காம், அதனால் எங்கட கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அதைச் சொன்னது புதன் பின்னேரம் மூன்றரைக்கு. அன்றைய லொறி மூன்று மணிக்குப் போய்விட்டது.

மனேஜர் அவர்களின் மேலிடத்தோடு கதைத்து, அன்று இரவே விமானத்தில் அனுப்புவிக்க ஏற்பாடு செய்தார். வியாழக்கிழமை பார்சல் லண்டனுக்கு வந்து சுங்கத்தில் நின்றது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனபிறகு, 2021 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து, இத்தாலியில் இருந்து வருகிற பெட்டியும் சுங்கப் பத்திரத்தோடுதான் வரவேண்டும். கியர் பெட்டிக்கு 8483 என்று தொடங்குகிற ஒரு சுங்க இலக்கம் இருக்கிறது. அனுப்பினவர்கள் அதை எழுதாமல் "மெசின் பாட்" என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்கள். வருசக்கணக்காய் இந்த நாட்டுக்குச் சாமான் அனுப்புகிற கொம்பனி. என்ன பெட்டி, என்ன இலக்கம் என்று கேட்டு எங்களுக்குத்தான் ரெலிபோன் வந்தது.

இப்போது அந்தப் பதினான்கு பேரின் கதைக்கு வருகிறேன். லைனில் நிரந்தர வேலைகாரர் நாங்கள் ஐந்து பேர். மெசின் நின்றாலும் எங்களுக்குச் சம்பளம் உண்டு, பெட்டி மடிக்க, நிலம் கூட்ட என்று ஏதாவது தருவார்கள். மற்ற பதினான்கு பேரும் ஏஜென்சி ஆட்கள். தமிழ் ஆட்கள் ஆறு பேர், மற்றவர்கள் குஜராத்தி, ருமேனியர், சோமாலியர். லைன் ஓடினால் காசு, ஓடாவிட்டால் வீடு. செவ்வாய்க்கிழமை நாலு மணித்தியாலம் நின்றுவிட்டு அனுப்பப்பட்டார்கள். புதன், வியாழன், வெள்ளி வரவேண்டாம் என்று இரவில் ரெலிபோனுக்குச் செய்தி வரும். அதுவும் பத்து மணிக்குப் பிறகு வரும், பிள்ளையைப் பார்க்கிற அக்காவுக்கு நாளைய காசைச் சொல்லி வைத்த பிறகு. அப்போது, 2024 ஏப்ரலில் இருந்து, மணித்தியாலச் சம்பளம் 11 பவுண் 44 பென்ஸாக இருந்தது. இருபத்தெட்டு மணித்தியாலம் போயிற்று. ஒரு ஆளுக்கு 320 பவுண். பதினான்கு பேருக்கும் கூட்டிப் பாருங்கோ, நாலாயிரத்து நானூற்றுச் சொச்சம். நத்தாருக்கு முதல், வாடகை கட்டுகிற மாதத்தில்.

அதில் ஒரு தம்பி இருந்தார், பெயர் வேண்டாம். மனைவி வவுனியாவில். கூப்பிடுவதற்கு விசா போடவேண்டும். 2024 ஏப்ரல் 11 இல் இருந்து அதற்கு வருசத்துக்கு 29,000 பவுண் வருமானம் காட்டவேண்டும், அதற்கு முதல் 18,600 ஆக இருந்தது. 29,000 ஐ 52 கிழமையால் பிரித்து, 11.44 ஆல் பிரித்தால், கிழமைக்கு நாற்பத்தொன்பது மணித்தியாலம் வருகிறது. அப்படி ஆறு மாதச் சம்பளச் சிட்டை காட்டவேண்டும். இந்தத் தம்பி ஓகஸ்ட் மாதத்தில் இருந்து ஒரு கொப்பியில் மணித்தியாலம் எழுதிக்கொண்டு வந்தவர். சனி ஞாயிறும் விடாமல் செய்து சராசரியைச் சரியாகக் கொண்டு வந்தவர். வியாழக்கிழமை இரவு எனக்கு ரெலிபோன் எடுத்து, "அண்ணை, பெட்டி வந்திட்டுதோ?" என்று கேட்டார். சுங்கத்தில் நிற்குது தம்பி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்தக் கியர் பெட்டிக்கும் வவுனியாவில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த ரெலிபோன் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை. காலமை ஒன்பதுக்கு முன் கொடுக்க என்று கூடக் காசு கட்டியது. ஒன்பது இருபதுக்கு கொம்பியூட்டரில் பார்த்தால், "வந்தோம், ஆள் இல்லை" என்று இருக்கு. இருபத்துநாலு மணித்தியாலமும் காவல்காரன் நிற்கிற வாசல்! பிற்றர் நேராக டிப்போவுக்கே காரில் போய்ப் பின்னேரம் நாலு மணிக்குப் பெட்டியோடு வந்தார். பிரித்து மேசையில் வைத்தோம். புதுத் தகடு பளிச்சென்று இருந்தது. அதில் இருந்த இலக்கம் 30.

நாங்கள் கேட்டது 40. நான் ரெலிபோனில் சொன்னது 40, ஈமெயிலில் எழுதினது 40, அனுப்பின படத்தில் இருப்பது 40. மூன்றும் என்னிடம் இருக்கு. எடுத்துச் சொன்னோம். மன்னிப்புக் கேட்டார்கள். திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அது போய்ச் சேர்ந்து பரிசோதித்த பிறகு சரியானதை அனுப்புவார்களாம், செவ்வாய் அல்லது புதன். தங்களுடைய பிழை என்று அவர்களுக்குத் தெரிந்தும், கொம்பியூட்டரில் அப்படித்தான் ஒழுங்காம்.

ரெலிபோனை வைத்துவிட்டுப் பிற்றர் ஒரு தூசணம் சொன்னார். போலந்துப் பாசையில் என்றபடியால் மேடையில் சொல்லலாம், ஆனால் எனக்கு உச்சரிக்கத் தெரியாது. பிறகு இருவருமாக இருந்து யோசித்தோம். 40 க்குப் பதிலாக 30 என்றால் பெல்ற் வேகமாக ஓடும், நிமிடத்துக்கு 46 சுத்துக்கு மேலே. ரொட்டி முட்டிக்கொண்டு வரும். அப்ப மோட்டரை மெதுவாக்கினால்? அந்த மோட்டருக்கு இன்வேர்ட்டர் ஏற்கெனவே பூட்டி இருக்கிறது. இந்த நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இன்வேர்ட்டர் அதைக் கூட்டிக் குறைத்து மோட்டருக்குக் கொடுக்கும், மோட்டரின் வேகமும் அதோடு கூடிக் குறையும். ஒரு மட்டைப் பெட்டியில் கணக்குப் போட்டேன். 50 ஐ 37.5 ஆக்கினால் மோட்டர் 1400 க்குப் பதிலாக 1050 சுத்தும். 1050 ஐ 30 ஆல் பிரித்தால் 35. பழைய வேகம்!

இதில் இரண்டு குறை உண்டு. இழுக்கிற பலம் காற்பங்கு குறையும். மோட்டரின் காற்றாடியும் மெதுவாகச் சுத்துவதால் மோட்டர் சூடாகும். ரொட்டி பாரமில்லைத்தானே, பலம் போதும் என்றார் பிற்றர். சூட்டுக்கு, அலுவலகத்தில் இருந்து ஒரு மேசைக் காற்றாடியைக் கொண்டு வந்து மோட்டருக்கு நேரே வைத்தோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஆட்களின் பிள்ளைக்கு இது பெரிய வேலை இல்லை. இரவு ஒன்பதே முக்காலுக்கு பெல்ற் ஓடியது. வெட்டு சரியான இடத்தில் விழுந்தது. சுப்பவைசர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வரச்சொல்லி எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அந்தத் தம்பி இரண்டு நாளும் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றார்.

ஆனாலும் அது ஒட்டுப்போட்ட வேலைதானே. 40 பெட்டி வேணும். இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த விசயம் இருக்கிறது. பழைய பெட்டியைச் சனிக்கிழமை பிற்றர் நன்றாகக் கழுவிப் பார்த்தார். மெசின் கொம்பனியின் ஸ்ரிக்கருக்குக் கீழே இன்னொரு தகடு. கியர் பெட்டியை உண்மையாகச் செய்த கொம்பனியின் பெயரும், அளவும், மாதிரி இலக்கமும் அதில். மெசின்காரர் அதை வெளியில் வாங்கி, மேலே தங்கட பெயரையும் தங்கட நம்பரையும் ஒட்டி விற்கிறார்கள். இது களவில்லை, எல்லா மெசின்காரரும் செய்வதுதான். இந்த வகைச் சின்னக் கியர் பெட்டிகள் பல கொம்பனிகள் ஒரே அளவில் செய்கின்றன, ஆணித்துளை உட்பட. பார்க் ரோயலில் இருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கியர், பேரிங் கடை. திங்கள் காலமை எட்டு மணிக்கு மனேஜர் எடுத்தார். அந்தப் பக்கத்தில் எடுத்தவர் ஒரு வயதான ஆங்கிலேயர், "தகட்டில் என்ன இருக்கு, வாசி" என்று கேட்டார். வாசித்தோம். "லைனில் நில்" என்றார். எழும்பி நடந்து போகிற சத்தம் ரெலிபோனில் கேட்டது. திரும்பி வந்து, "கையில் வைத்திருக்கிறேன், 40 தான், வந்து எடு" என்றார். எனக்கு ஸ்ரான்லி வீதி முதலாளியின் தம்பி மாதிரி இருந்தது. அவரும் பெரிதாக மரியாதை ஒன்றும் காட்டவில்லை.

விலை மெசின்காரரின் விலையில் பாதிக்கும் குறைவு. செவ்வாய்க்கிழமையே ஏன் அங்கே கேட்கவில்லை என்றால், மெசின் பாட்ஸ் மெசின்காரரிடம் மட்டும்தான் வாங்கலாம் என்று எங்கட அலுவலகத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. இப்போது அந்த ஒழுங்கை மாற்றிவிட்டார்கள்.

ரெலிபோன் எடுக்கிற பிள்ளைகளைத் திட்டுவதற்கு நான் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படியொரு அலுவலகத்தில் இருக்கிறார், வேறு கொம்பனி. அவர் சொன்னார், ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு, அதற்கு மேலே போனால் கேள்வி. கதிரையை விட்டு எழும்ப ஏலாது. சாமான் இருக்கிற ஸ்ரோர் வேறு ஊரில். அவர் ஒரு பேரிங்கைக் கையில் பிடித்ததே இல்லை. "அண்ணை, எனக்குத் தெரியிறது கொம்பியூட்டர் சொல்லுறதுதான், மன்னிப்புக் கேட்க மட்டும் நல்லாய்ப் பழக்கினவை" என்றார். சாமானைத் தெரிந்தவனைக் கதைக்க விடாமல், தெரியாதவனைக் கதைக்க வைக்கிற ஏற்பாட்டைத்தான் நான் குறை சொல்கிறேன். எங்கட பக்கத்திலும் அதே கதைதான். மெசினோடு எட்டு மணித்தியாலம் நிற்கிறவன் வாய் திறக்கமாட்டான், இங்கிலிஸ் சரிவராது என்று. மெசினைக் காணாத அலுவலகக்காரர் கதைப்பார்.

மனேஜரின் அனுமதியோடு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினோம். திகதி, நேரம், கதைத்தவரின் முதற்பெயர், சொன்ன விசயம், எல்லாம் வரிசையாக. நான் எழுதினதை என்னுடைய மருமகள் திருத்தித் தந்தா, அவ இங்கே பத்தாம் வகுப்பு. பதில் வந்தது. இப்படியான விசயங்களைத் தாங்கள் மிகவும் கவனமாக எடுப்பார்களாம். விமானக் கூலியைத் திருப்பித் தந்தார்கள். ஏஜென்சி ஆட்களின் இருபத்தெட்டு மணித்தியாலத்துக்கு யாரும் ஒன்றும் தரவில்லை. கடிதத்தில் அதையும் எழுதியிருந்தோம், பதிலில் அந்த வரியைத் தொடவேயில்லை.

தம்பியின் விசயம் கேட்பீர்கள். சராசரி கொஞ்சம் குறைந்தபடியால் ஒரு மாதம் பிந்தித்தான் விண்ணப்பம் போட்டார். 2025 இல் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்துவிட்டா. இந்த மண்டபத்தில்தான் எங்கேயோ இருக்கினம், கை காட்டச் சொல்லவில்லை.

இப்போது எங்கட லைனில் ஒரு தடித்த கொப்பி தொங்குகிறது. ஒவ்வொரு மோட்டர், கியர் பெட்டி, பேரிங், பெல்ற்றின் தகட்டு எழுத்தையும் நானும் பிற்றரும் நத்தார் லீவுக்கு மெசின் நிற்பாட்டின நேரம் எழுதி வைத்தோம். ஸ்ரிக்கரில் இருப்பது ஒரு பக்கம், ஸ்ரிக்கருக்குக் கீழே இருப்பது மற்றப் பக்கம். படமும் ஒட்டியிருக்கு. நீங்கள் நிற்கிற இடத்திலும் மெசின் புதிதாக இருக்கும்போதே தகட்டைப் படம் எடுத்து வையுங்கோ, கழுவிக் கழுவி எழுத்துப் போனபிறகு ஒன்றும் செய்ய ஏலாது. கதைக்கும்போது "ஸ்ரொக்கில் இருக்கோ" என்று கேட்காமல் "எந்த ஊரில் இருக்கு, இன்றைக்கு எத்தனை மணிக்கு லொறி போகும்" என்று கேளுங்கோ. சொன்ன ஆளின் பெயரைக் கேட்டு எழுதுங்கோ. பெயர் கேட்டாலே குரல் மாறும், செய்து பாருங்கோ. இங்கிலிஸ் கதைக்கிற வேறு ஆள் இருக்கோ என்று கேட்டால், நான்தான் அந்த ஆள் என்று சொல்லுங்கோ.

அந்த 30 பெட்டியைத் திருப்பி எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். மட்டைப் பெட்டியில் போட்டு, விலாசம் ஒட்டி, படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறோம். இன்றுவரை ஒருவரும் வரவில்லை. ஒரு தரம் எடுத்துக் கேட்டேன். மூன்றை அமத்தச் சொன்னது, அமத்தினேன், சங்கீதம் தொடங்கியது. வைத்துவிட்டேன்.